எட்டாம் பருவம்

உலா இலக்கியம் பெண்ணுக்கு வகுத்த பருவங்கள் ஏழு. பேதையில் தொடங்கும் வரிசை, பொதுவாக 40 வயதெனக் கொள்ளப்படும் பேரிளம்பெண்ணோடு முடிந்துவிடும். 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் சோழர் மூவர்க்கு மூன்று உலாக்கள் பாடினார். எதிலும் எட்டாம் பருவம் இல்லை.

இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது சராசரியாக 46, 47 வயதில். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே நாள் தப்புவதும், நள்ளிரவு வியர்வையும், உறக்கமின்மையும் வந்துவிடுகின்றன. பாட்டியல் நூலார் எழுத்தாணியைக் கீழே வைத்த இடம் அது. (மேலை மருத்துவமும் பெரிதாக முந்திவிடவில்லை. கார்தான் என்னும் பிரெஞ்சு மருத்துவர் 'மெனோபாஸ்' என்று பெயரிட்டது 1821இல்தான்.)

திண்டிவனம் பக்கத்துப் பெண்கள் "நின்னுபோச்சு" என்பார்கள். நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு நான் கேட்டவரை பெயரில்லை. இது வெறும் அகராதிக் குறையன்று. பெயரில்லாத உதிரப்போக்கைப் பல்லைக் கடித்துப் பொறுத்து, முடிவில் "எடுத்துவிடலாம்" என்னும் அறிவுரைக்குத் தலையாட்டுகிறோம். கருப்பை அகற்றப்பட்டவர்களை நாடு முழுவதும் கேட்டறிந்த முதல் தேசியக் குடும்பநல ஆய்வு 2015-16இல்தான் நடந்தது. தேவையற்ற அகற்றலைத் தடுக்கும் நெறிமுறைகள் 2022இல் வந்தன. அவற்றை மாநிலங்கள் செயற்படுத்த வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2023இல் ஆணையிட்டது.

மிகுந்த போக்குக்கு மாத்திரைகள் உண்டு, கருப்பையினுள் பொருத்தும் ஹார்மோன் சாதனமும் உண்டு. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் சாலையிலேயே, முண்டியம்பாக்கத்தில், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கத்திக்கு முன்னால் வேறென்ன இருக்கிறது என்று அங்கே இறங்கிக் கேட்கலாம்.