முன்பின் தெரியாதவர்கள் ஆடிய நடனம்

டாங்கோ நமக்குத் திரைப்படங்கள் வழியாகத்தான் வந்து சேர்ந்தது, அதுவும் வெறியும் மோகமும் கலந்த ஒரு காட்சியாக. 1921-ல் வந்த ஒரு ஹாலிவுட் மௌனப் படத்தில் ருடால்ப் வாலண்டினோ, அர்ஜென்டினப் புல்வெளிகளில் மாடு மேய்க்கும் கௌச்சோவின் உடையில் டாங்கோ ஆடினார். நகரத்தில் பிறந்த நடனத்துக்குப் புல்வெளியின் உடுப்பு மாட்டிவிடப்பட்டது. பின்னால் வந்த மேடைகளும் படங்களும் உடையைத் திருத்திக்கொண்டன, கருத்தைத் திருத்தவில்லை. ஆனால் அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸிலும் உருகுவேயின் மான்டிவீடியோவிலும் இந்த நடனம் வளர்ந்த விதத்தைப் பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. முன்பின் தெரியாத இருவர், ஒருவர் மானத்தை மற்றவர் காத்தபடி, நெருங்கி நின்று ஆடுவதற்காக ஒரு நகரம் மெல்ல மெல்ல வகுத்துக்கொண்ட ஏற்பாடு அது. மோகம் அதில் இல்லை என்று சொல்லவில்லை. அதைத் தாங்கி நிற்கும் நாகரிகத்தைப் பற்றித்தான் போதுமான அளவு பேசப்படவில்லை.

அந்த ஏற்பாடு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு நகரத்தின் கணக்கே சான்று. 1869 கணக்கெடுப்பில் இரண்டு லட்சத்தைத் தொடாத புவெனஸ் அயர்ஸின் மக்கள்தொகை 1914-ல் பதினைந்து லட்சத்தைத் தாண்டியிருந்தது. அப்போது நகரவாசிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் பிழைப்புத் தேடிக் கப்பலேறியவர்களே மிகுதி. அவர்களில் பெண்களைவிட ஆண்கள் அதிகம். ஒரே முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள் கொண்ட கொன்வென்தீயோ என்னும் வாடகைக் குடியிருப்புகளில் அவர்கள் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். அவர்கள் வருமுன்பே, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல்கள் அங்கே தங்கள் கந்தோம்பே தாளத்தோடு வாழ்ந்துகொண்டிருந்தார்கள். நகரத்தின் புறஞ்சேரி இளைஞர்கள் கறுப்பர்களின் ஆட்டத்தைக் கேலிசெய்து ஆடியதிலிருந்தே மிலோங்கா என்னும் ஆட்டம் பிறந்தது என்று வென்தூரா லிஞ்ச் என்பவர் 1883-லேயே எழுதியிருக்கிறார். கேலியில் தொடங்கியது கைவசமாகிவிட்டது. கியூபாவின் ஹபனேராவும் ஐரோப்பாவின் போல்காவும் அதோடு கலந்தன. 1897-ல் ‘எல் என்த்ரேரியானோ’ என்னும் புகழ்பெற்ற ஆரம்பகால டாங்கோவை இயற்றிய ரொசெந்தோ மெந்திசாபால் கறுப்பின இசைஞர். பிற்காலத்தில் டாங்கோவின் குரலாகவே ஆகிவிட்ட பந்தோனியோன் என்ற துருத்திக் கருவியோ ஜெர்மனியிலிருந்து வந்தது. எவருக்கும் முழுச் சொந்தமில்லாத இந்த நடனத்தை எல்லோரும் புதிதாகத்தான் கற்க வேண்டியிருந்தது.

டாங்கோ விபசார விடுதிகளில் பிறந்ததுதானே, அதில் நாகரிகத்தைத் தேடுவது பொருந்துமா என்று கேட்கலாம். இது பழைய கேள்வி. அர்ஜென்டினாவிலேயே மேல்தட்டு மக்கள் எழுப்பியது. கவிஞர் லெயோபோல்தோ லுகோனெஸ் இந்த நடனத்தை விடுதியில் ஊரும் பிராணி என்ற பொருள்பட இகழ்ந்தார். விடுதிகளில் டாங்கோ இசைக்கப்பட்டது உண்மை. ஆனால் அங்கே மட்டும் இசைக்கப்பட்டிருந்தால் வீட்டுப் பியானோக்களுக்காக அச்சான டாங்கோ இசைத்தாள்களை யார் வாங்கினார்கள்? தெருத்தெருவாகக் கைப்பிடி சுழற்றும் இசைப்பெட்டியோடு சுற்றியவர்கள் யாருக்காக வாசித்தார்கள்? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுக்கப்பட்ட புகைப்படங்களில் ஆணும் ஆணும் தெருவில் ஜோடியாக நின்று ஆடுகிறார்கள். டாங்கோ தாழ்ந்தவர்களின் நடனம் என்பதும் விடுதியின் நடனம் என்பதும் ஒன்றல்ல. ஏழைகள் கூடும் இடமெல்லாம் ஒழுக்கக்கேடு என்று கருதியவர்களே இரண்டையும் ஒன்றாக்கினார்கள். 1913-ல் பாரிஸ் நகரமே டாங்கோ பித்தில் மூழ்கியபோது, ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் தம் படை அதிகாரிகள் சீருடையில் அதை ஆடக்கூடாது என்று தடுத்தார். ஆனாலும் பாரிஸின் முத்திரை விழுந்த பிறகு, தன் ஊரிலேயே டாங்கோவுக்குப் பெரிய வீட்டுக் கதவுகள் திறந்தன.

நடனத்தின் உள்ளமைப்பும் அந்த நாகரிகத்தையே சொல்கிறது. டாங்கோவின் அடிப்படை நடை. மனப்பாடம் செய்து வரிசையாக ஆடவேண்டிய அடவுகள் அதில் இல்லை. வழிநடத்துபவர் தன் மார்பின் அசைவாலும் எடை மாற்றத்தாலும் அடுத்த அடியைக் குறிப்பால் உணர்த்துகிறார். உடன் ஆடுபவர் அதைக் கேட்டு, தனக்கான நேரமெடுத்து, பதில் தருகிறார். ஜோடிகள் எல்லோரும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் ரோந்தா என்னும் வட்டத்தில் நகர்வார்கள். முன்னால் இருப்பவர் நின்றால் பின்னால் வருபவரும் நிற்கவேண்டும். நின்ற இடத்திலேயே திரும்பலாம், இசை நழுவட்டும் என்று சும்மாவும் நிற்கலாம். அந்த நிற்றலும் நடனமே. கூட்டம் நிறைந்த தளத்தில் எவர்மீதும் இடிக்காமல், அன்றுதான் சந்தித்த ஒருவரோடு ஆடுவதற்கு முன்கூட்டியே கோத்த அடவுகள் உதவாது. அந்தந்தக் கணத்தில் இட்டுக்கட்டுவதே வழி.

இந்த ஏற்பாடு முழுமை பெற்றது 1935-க்குப் பிறகான இருபது ஆண்டுகளில். இசைக்குழுத் தலைவர் ஹுவான் தாரியென்ஸோவின் துள்ளும் தாளம் இளைஞர்களை மறுபடி தளத்துக்கு இழுத்தது. அனிபால் த்ரோய்லோ, கார்லோஸ் தி சார்லி, ஒஸ்வால்தோ புக்லியேசே ஆகியோரின் குழுக்கள் பின்தொடர்ந்தன. பேட்டைதோறும் இருந்த விளையாட்டு மன்றங்கள் சனிக்கிழமை இரவுகளில் நடனக் கூடங்களாயின. பெண்கள் தாயோடோ அத்தையோடோ வந்தார்கள். அந்தக் கூடத்துக்குள் போவதற்கு முன் ஆண்கள் மாதக்கணக்கில் ஆண்களோடு பயின்றதாகவும், முதலில் உடன் ஆடுபவரின் பங்கைக் கற்ற பிறகே வழிநடத்த விடப்பட்டதாகவும் அக்கால ஆட்டக்காரர்கள் பலர் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். இந்தப் பயிற்சிமுறைக்கு நான் பெருமதிப்பு தருகிறேன். இழுக்கப்படுவதும் தள்ளப்படுவதும் எப்படியிருக்கும் என்பதைத் தன் உடம்பில் உணர்ந்தவன்தான் இன்னொருவரை அணைத்து நடத்தும் தகுதி பெறுகிறான். ஆட அழைப்பதற்கும் முறை உண்டு. கூடத்தின் மறுபக்கத்திலிருந்து ஆண் பார்க்கிறான். பெண்ணும் பார்வையைத் திருப்பாமல் இருந்தால் மெல்லத் தலையசைக்கிறான். அவள் தலையசைத்தால் சம்மதம். அவள் வேறெங்கோ பார்த்துவிட்டால் எதுவும் நடக்கவில்லை, யாருக்கும் தலைகுனிவில்லை. இதற்குப் பெயர் கபெசேயோ. மூன்று நான்கு பாட்டுகள் கொண்ட தொகுப்பான தாண்டா முடிந்து, இடையிசை ஒலித்ததும் ஜோடி பிரியும். ஒப்புக்கொண்டது ஏறத்தாழப் பன்னிரண்டு நிமிடங்களுக்கு மட்டும். மேற்கொண்டு எந்தக் கடப்பாடும் இல்லை.

இந்த முறைகள் ஆணுக்குச் சாதகமானவை அல்லவா என்பது வலுவான மறுப்பு, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. காத்திருந்தவள் பெண், சுற்றியிருந்த கண்கள் கண்காணித்தது அவள் பெயரை. ஆனாலும் பெண் வாய்திறந்து மறுத்தால் வம்பு வரக்கூடிய ஒரு காலத்தில், வாய்திறக்காமலேயே மறுக்கும் உரிமையைக் கபெசேயோ அவளுக்குத் தந்தது. சிறிய உரிமை, ஆனால் செல்லுபடியானது. இன்னொரு மறுப்பும் உண்டு: இன்று பழமை என்று போற்றப்படும் விதிகளில் சில பிற்காலத்தில் இறுகியவை. நேரடி இசைக்குழுக்கள் வாசித்த காலத்தில் டாங்கோ குழுவும் ஜாஸ் குழுவும் மாறிமாறி மேடையேறின; இன்றைய தாண்டா ஒழுங்கு இசைத்தட்டுகளோடு வலுப்பெற்றது. இதை ஏற்கிறேன். விதிகள் காலத்துக்கேற்ப மாறியிருக்கின்றன என்பது அவை உயிருள்ள வழக்கம் என்பதற்கே சான்று.

1955-ல் அர்ஜென்டின அதிபர் பெரோனின் ஆட்சி கவிழ்ந்த பிறகு கூடங்கள் வெறிச்சோடின. பெரிய குழுக்களைக் கட்டிக்காக்கப் பணமில்லை, இளைஞர்கள் ராக் இசைக்குப் போனார்கள், பின்னர் வந்த இராணுவ ஆட்சிகளில் மக்கள் கூடுவதே சந்தேகத்துக்குரியதானது. 1983-ல் பாரிஸிலும் 1985-ல் பிராட்வேயிலும் அரங்கேறிய ‘டாங்கோ அர்ஜென்டினோ’ நிகழ்ச்சி உலகை மீண்டும் டாங்கோ பக்கம் திருப்பியது. அதில் ஆடிய ஹுவான் கார்லோஸ் கோபெஸ், மரியா நியெவெஸ் இருவரும் பேட்டைக் கூடங்களில் கற்றவர்கள்தாம். ஆனால் பார்வையாளரை நோக்கி ஆடும்போது கால்கள் உயரும், அணைப்பு விரியும். பக்கத்து ஜோடிக்கு இடம் இருக்காது. 2003-ல் புவெனஸ் அயர்ஸில் தொடங்கிய உலகப் போட்டி இந்த வேறுபாட்டை ஒப்புக்கொண்டு தள டாங்கோ, மேடை டாங்கோ என இரு பிரிவுகள் வைத்தது. தளப் பிரிவில் ஜோடிகள் வட்டத்தில் நகர்ந்து, அணைப்பைக் கலைக்காமல், இட்டுக்கட்டியே ஆட வேண்டும். 2009-ல் அர்ஜென்டினாவும் உருகுவேயும் சேர்ந்து முன்மொழிந்து யுனெஸ்கோ பட்டியலில் டாங்கோ இடம்பெற்றது. இன்று, மிலோங்கா என்றே அழைக்கப்படும் டாங்கோ கூடல்கள் பலவற்றில் பெண்கள் வழிநடத்துகிறார்கள், ஆணும் ஆணும் ஜோடி சேர்கிறார்கள், நேரில் போய் ஆட அழைப்பவர்களும் இருக்கிறார்கள். அங்கேயும் ரோந்தா கடிகாரத்துக்கு எதிர்த்திசையில்தான் நகர்கிறது. முந்திச்செல்பவரை இன்னும் யாரும் விரும்புவதில்லை.