எக்ஸ்போர்ட் என்ற ஒரு சொல்



பணி ஓய்வுக்குப் பிறகு கொஞ்சம் பைத்தான் கற்று வருகிறேன். பழைய புகைப்படங்களை ஆண்டுவாரியாகப் பிரிக்க ஒரு நிரல் எழுதி, அதை ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் மூலம் ஓடவிட்டேன். படங்கள் எந்த இடத்தில் இருக்கின்றன என்பதை ஸ்கிரிப்ட்டின் முதல் வரியிலேயே ஒரு பெயரில் குறித்திருந்தேன். பைத்தானோ, அப்படி ஒரு பெயரே இல்லை என்று கைவிரித்துவிட்டது. இரண்டு நாள் மண்டையைக் குடைந்த பிறகு மகனிடம் கேட்டேன். "அப்பா, முன்னாடி எக்ஸ்போர்ட் போடலையே!" என்று போனிலேயே சிரித்தான்.

அந்தச் சொல்லின் பூர்வீகத்தைத் தேடிப்போனேன். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது யூனிக்ஸ். 1979இல் வெளியான அதன் ஏழாம் பதிப்பில்தான் சூழல் மாறிகள் வந்தன. ஸ்டீபன் போர்ன் எழுதிய புதிய ஷெல்லும் அதனுடனேயே வந்தது. 'பெயர்=மதிப்பு' என்ற வரிகள் கொண்ட ஒரு கட்டு, அழைக்கப்படும் நிரலுடன் கூடவே போகும். அந்த நிரல் எந்த மொழியில் எழுதப்பட்டிருந்தாலும் சரி, படித்துக்கொள்ளலாம். ஆனால் எக்ஸ்போர்ட் என்று குறித்தவை மட்டுமே அந்தக் கட்டில் ஏறும். மற்றவை ஷெல்லுக்குள்ளேயே தங்கிவிடும். என் பிழை அதுதான்.

போவது மூலம் அல்ல, நகல். நம் ஆட்களுக்குச் சான்றொப்பமிட்ட நகல் என்றால் உடனே புரியும். நகலில் எதைத் திருத்தினாலும் வீட்டுப் பீரோவில் இருக்கும் மூலச் சான்றிதழ் மாறாது. பைத்தான் உள்ளே செய்யும் மாற்றமும் ஷெல்லுக்குத் திரும்பி வராது. இன்னொன்று, எண்ணும் எழுத்தாகவே போகும். 5 என்று அனுப்பினால், கூட்டுவதற்கு முன் பைத்தானில் அதை எண்ணாக மாற்ற வேண்டும்.

இவ்வளவு எளிய ஏற்பாட்டில் என்ன ஆபத்து என்றுதான் நானும் நினைத்தேன். 1989இல் பிரையன் ஃபாக்ஸ் வெளியிட்ட பேஷ் ஷெல்லில் மதிப்புகளை மட்டுமல்ல, செயற்கூறுகளையே சூழல் மாறியில் வைத்து அனுப்பும் வசதி சேர்ந்தது. பெறும் பேஷ் அந்த வரையறையைப் படித்ததோடு நிற்கவில்லை. அதற்குப் பின்னால் ஒட்டியிருந்த கட்டளையையும் நிறைவேற்றிவிட்டது. வீட்டில் அதனால் கேடில்லை. ஆனால் 1993இல் வந்த சிஜிஐ முறையில், இணையத்தில் யாரோ முகமறியாதவர் அனுப்பும் தகவலையும் சூழல் மாறிகளில் வைத்துத்தான் சர்வர் தன் ஸ்கிரிப்ட்டுகளுக்குக் கொடுத்தது. அங்கே பேஷ் நுழைந்தால் கதவு திறந்த மாதிரிதான்.

2014இல் ஸ்டெஃபான் ஷாசெலாஸ் இதைக் கண்டுபிடித்தார். அந்த ஆண்டு செப்டம்பர் 24 அன்று உலகுக்குத் தெரிந்தது. ஷெல்ஷாக் என்று பெயர் வைத்தார்கள். அவசரமாகப் போட்ட முதல் திருத்தமும் முழுமையாக இல்லை. 25 ஆண்டுகள் அந்தக் குறை கண் முன்னாலேயே இருந்திருக்கிறது! எத்தனை விடைத்தாள் திருத்தியவன் நான், ஆச்சரியப்படவில்லை.

அன்றிரவே என் மடிக்கணினியில் பேஷ் எந்தப் பதிப்பு என்று பார்த்தேன். புதியதுதான். பிறகு எக்ஸ்போர்ட் சேர்த்து ஸ்கிரிப்ட்டை ஓட்டினேன். படங்கள் ஆண்டுவாரியாகப் போய் உட்கார்ந்தன.