கோத்திக் தோட்டத்துக்கான கருந்தழைச் செடிகள்

கோத்திக் தோட்டம் என்பது இடைக்காலத் தேவாலயம், இடிந்த மடம், பழைய கல்லறை ஆகியவற்றின் இருண்ட சாயலைச் செடிகொடிகளாலும் கட்டுமானங்களாலும் வரவழைக்கும் தோட்ட வகை. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் உருவானது. கூர்முனை வளைவு, சிதைந்த சுவர், இரும்புக் கிராதி, பாசி படிந்த கல் ஆகியவை இதன் பழைய அடையாளங்கள். இன்றோ இந்தப் பெயரைக் கேட்டதும் கருஞ்சிவப்பிலும் கரும் ஊதாவிலும் இலை விடும் செடிகள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. ஆனால் கருந்தழையும் கோத்திக் பாணியும் கூடப்பிறந்தவை அல்ல. நூறாண்டுக்கு மேல் தனித்தனி வழியில் நடந்து, மிகப் பிந்தியே ஒன்றுசேர்ந்தவை. பழைய இருண்ட தோட்டம் தன் இருட்டை நிழலிலிருந்து பெற்றது, இலையின் நிறத்திலிருந்து அல்ல. செடி தேர்ந்தெடுப்பவர் அறிந்திருக்க வேண்டிய முதல் செய்தி இது.

தோற்றம்

இந்த வரலாற்றை ஹொரேஸ் வால்போலிலிருந்து தொடங்குவது வழக்கம். பிரிட்டிஷ் பிரதமராக இருந்த ராபர்ட் வால்போலின் இளைய மகனான இவர், லண்டனை அடுத்த ட்விக்கன்ஹாமில் தேம்ஸ் கரையருகே ஒரு சிறு வீட்டை 1747இல் குத்தகைக்கு எடுத்தார். பிறகு விலைக்கே வாங்கி, 'ஸ்ட்ராபெரி ஹில்' என்ற பெயரில் கோபுரமும் கூர்வளைவுச் சன்னலும் வண்ணக் கண்ணாடியும் கொண்ட கோத்திக் மாளிகையாகப் படிப்படியாக மாற்றினார். இவர் எழுதிய 'ஓட்ரான்டோ கோட்டை' நாவல் 1764 இறுதியில் வெளிவந்தது. மறு ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பில் 'கோத்திக் கதை' என்ற துணைத்தலைப்பு சேர்ந்தது. திகில் இலக்கியத்தின் ஒரு பெரிய கிளைக்கு அதுவே பெயரானது.

ஆனால் வால்போலின் தோட்டத்தில் இருட்டுக்கு இடமில்லை. வீட்டுக்குள் மடாலயத்தின் மங்கல் இருக்கட்டும், தோட்டம் சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்ற கருத்தை 1753இல் நண்பர் ஹொரேஸ் மானுக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார். அவர் பெருமைப்பட்டது தம் லைலாக் பூக்களைப் பற்றித்தான். ஆகவே அவரைக் கோத்திக் வீட்டின் தந்தை எனலாம். கோத்திக் தோட்டத்தின் தந்தை என்பது உபசாரமே.

அந்தப் பட்டத்துக்கு உரியவர் ஜோனதன் டயர்ஸ். லண்டன் மக்கள் மாலையில் இசை கேட்கவும் விளக்கொளியில் உலாவவும் கூடிய வாக்ஸ்ஹால் கேளிக்கைத் தோட்டத்தின் உரிமையாளர் இவர். ஊருக்கெல்லாம் கொண்டாட்டம் விற்ற இந்த மனிதர், சரே மாவட்டத்தில் டார்க்கிங் அருகே உள்ள டென்பீஸ் என்ற இடத்தை 1734இல் வாங்கி, தமக்கென அமைத்துக்கொண்டது சாவைப் பற்றிய ஒரு தோட்டம். அடர்ந்த சோலைக்குள் ஓர் ஆலயம். அங்கே மறைத்து வைத்த கடிகாரம் ஒவ்வொரு நிமிடமும் மணியடித்தது. 'மரண நிழலின் பள்ளத்தாக்கு' என்று பெயரிட்ட பகுதியின் வாயிலில் தூண்களுக்குப் பதில் கற்சவப்பெட்டிகளை நிறுத்தியிருந்தார். உள்ளே பீடங்களின் மேல் மனித மண்டையோடுகள். டயர்ஸ் 1767இல் இறந்ததும் இடம் கைமாறியது. அடுத்து வந்தவர் இவற்றையெல்லாம் அப்புறப்படுத்திவிட்டார். இன்று டென்பீஸில் இருப்பது திராட்சைத் தோட்டம்.

அதே காலத்தில் பணக்காரர்களின் பரந்த நிலங்களில் கோத்திக் கட்டடங்கள் எழுந்தன. ஸ்டோவ் தோட்டத்துக் கோத்திக் ஆலயத்தை ஜேம்ஸ் கிப்ஸ் 1741இல் வடிவமைத்தார். ஹாக்லியில் சாண்டர்சன் மில்லர் 1747–48இல் கட்டியது புதிதாகவே இடிந்த நிலையில் கட்டிய கோட்டை. அதற்கும் முன்பே தோட்ட வடிவமைப்பாளர் வில்லியம் கென்ட், கென்சிங்டன் தோட்டத்தில் பட்ட மரங்களைக் கொண்டுவந்து நட்டுப் பார்த்தார். ஊர் சிரித்ததால் கைவிட்டார் என்று வால்போல் பதிவுசெய்துள்ளார். பெயின்ஸ்ஹில்லில் சார்ல்ஸ் ஹாமில்டன் ஏழாண்டு ஒப்பந்தத்தில் ஒரு துறவியைக் கூலிக்கு அமர்த்தினார் என்றும், முடிவெட்டக்கூடாது, பேசக்கூடாது என்ற நிபந்தனைகளைத் தாங்காமல் அந்த ஆள் மூன்றே வாரத்தில் மதுக்கடையில் பிடிபட்டார் என்றும் ஒரு கதை உண்டு. கதையாகவே கொள்ளத்தக்கது.

இத்தோட்டங்கள் எதிலும் கறுப்பு இலை இல்லை. இருட்டைத் தந்தவை யூ, ஹாலி, ஐவி போன்ற பசுமை மாறாத் தாவரங்கள். இவற்றுள் முதலிடம் யூ மரத்துக்கு. இங்கிலாந்தின் தேவாலய முற்றங்களில் பல நூற்றாண்டு வயதுள்ள யூ மரங்கள் நிற்கின்றன. தாமஸ் கிரே 1751இல் வெளியிட்ட புகழ்பெற்ற கல்லறை இரங்கற்பாவிலும் யூ நிழல் வருகிறது. செந்நிறச் சதைப்பற்றுள்ள கனியுறை நீங்கலாக மரம் முழுதும் நஞ்சு. இதன் நேராக ஓங்கும் வகையான ஐரிஷ் யூ, அயர்லாந்தின் ஃபெர்மானா மாவட்ட மலையொன்றில் ஜார்ஜ் வில்லிஸ் என்ற குடியானவர் 18ஆம் நூற்றாண்டில் கண்டெடுத்த இரண்டு கன்றுகளில் ஒன்றிலிருந்து வந்தது. ஒன்றைத் தம் தோட்டத்தில் வைத்துக்கொண்டு மற்றதை நிலக்கிழாருக்குக் கொடுத்தார். அவர் வைத்துக்கொண்டது பட்டுப்போனது. கொடுத்தது நிலக்கிழாரின் ஃபுளோரன்ஸ் கோர்ட் மாளிகை நிலத்தில் இன்னும் நிற்கிறது. உலகெங்கும் கல்லறைகளில் தூண்போல் நிற்கும் ஐரிஷ் யூக்கள் அதன் போத்துகளிலிருந்தே பெருகின.

லண்டனில் கென்சல் கிரீன் கல்லறை 1833இலும் ஹைகேட் 1839இலும் திறக்கப்பட்டன. தோட்டக்கலை எழுத்தாளர் ஜான் கிளாடியஸ் லவுடன் 1843இல் கல்லறைகளை அமைப்பது பற்றித் தனி நூலே எழுதினார். கரும்பச்சையும் கூம்பு வடிவமும் கொண்ட மரங்களே ஏற்றவை என்றார். அவை காற்றோட்டத்தைத் தடுக்கா, இலையுதிர்த்துக் குப்பை சேர்க்கா. விக்டோரியா காலத்துத் துக்கம், குப்பை கூட்டும் செலவையும் கணக்கில் கொண்டிருந்தது என்பதை இதில் காணலாம்.

கருந்தழையின் கிளை வேறு. கருஞ்சிவப்பு இலை விடும் செம்பு பீச் மரம் பற்றிய பழைய பதிவுகளில் ஒன்று ஜோஹன் யாக்கோப் வாக்னர் 1680இல் வெளியிட்ட சுவிட்சர்லாந்து இயற்கை வரலாற்று நூலில் உள்ளது. சூரிச் பகுதியில் இர்ஹெல் மலையடியிலுள்ள புக் என்ற ஊரில், ஐந்து சகோதரர்கள் ஒருவரையொருவர் வெட்டிச் சாய்த்த இடத்தில் இந்தச் சிவப்பு மரங்கள் முளைத்ததாக ஊரார் நம்பினர். இத்தனை பொருத்தமான கதை இருந்தும், நர்சரிகளில் பெருகிய செம்பு பீச்சுகளில் பெரும்பாலானவற்றுக்குத் தாய் ஜெர்மனியின் துரிங்கியாவில் சோண்டர்ஸ்ஹவுசன் அருகிலிருந்த மரம் என்பதே ஏற்கத்தக்கது. பாரசீக ஷாவின் தோட்டக்காரராக இருந்த பிரெஞ்சுக்காரர் பிஸார், 1880 வாக்கில் ஊதா இலைப் பிளம் மரத்தைத் தம் நாட்டுக்கு அனுப்பினார்; அவர் பெயரிலேயே அது 'பிஸார்டி' ஆனது.

விக்டோரியா காலப் பாத்திகளில் கரும் ஊதாப் பெரில்லா, ஐரிசின், கோலியஸ் ஆகியவை கம்பளக் கோலத்துக்காக அடர்த்தியாக நடப்பட்டன. ஷெர்லி ஹிபர்ட் 1870இல் அழகிலைத் தாவரங்களுக்கென ஒரு நூலை வெளியிட்டார். அதே ஆண்டில் வில்லியம் ராபின்சன் 'காட்டுத் தோட்டம்' என்ற நூலின் வழியே இந்தப் பாத்திக் கலாசாரத்துக்கு எதிராகக் கிளம்பினார். அந்தப் பாத்திகளில் நடப்பட்ட கரிய இலைகளுக்குச் சோகத்தோடு எந்த உறவும் இல்லை. மஞ்சளையும் சிவப்பையும் எடுத்துக்காட்டும் எல்லைக்கோடாகவே அவை பயன்பட்டன. தோட்டக்கலை நோக்கில் அதுவே சரியான பயன் என்பதைக் கீழே காண்க.

நிறத்தின் காரணம்

முழுக் கறுப்பான இலை இல்லை. பச்சையம் வழக்கம்போல் இருக்க, அதன் மேல் ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி உயிரணுச் சாற்றில் மிகுதியாகச் சேரும்போது, இரண்டும் கலந்து கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிகிறது. ஐரிசின், செங்கீரை போன்றவற்றில் அந்த வேலையைச் செய்வது பீட்டாலெய்ன் என்ற வேறொரு நிறமி. ஆந்தோசயனினை மிகை வெயிலிலிருந்து இலையைக் காக்கும் திரையாகவே தாவரவியலார் பெரிதும் கருதுகின்றனர். நிழலில் வைத்த செம்பு பீச்சும் கோட்டினஸ் புதரும் பச்சைக்குத் திரும்புவது இதனால்தான். குளிர்ந்த இரவு நிறத்தைக் கூட்டும், வெக்கை குறைக்கும். தழைச்சத்தை வாரி இறைத்தாலும் பச்சை மேலோங்கும்.

செம்பு பீச்சின் இலையை வசந்தத்தில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒயின் நிறத்தில் ஊடுருவித் தெரியும். விளிம்பில் பட்டு நூல் போன்ற வெண்மயிர் வரிசை இருக்கும். ஜூனில் தடித்து மினுமினுப்பான கரும் ஊதாவாகும். ஆகஸ்டில் நடுநரம்பையொட்டிப் பச்சை தலைகாட்டி, மரம் முழுதும் மங்கிய வெண்கல நிறத்துக்கு வந்துவிடும். நியூசிலாந்தின் பிட்டோஸ்போரம் 'டாம் தம்ப்' இதற்கு நேர்மாறு: தளிர் பச்சையாக வந்து, முற்ற முற்றக் கறுத்து, குளிர்காலத்தில் உச்சம் அடையும். இவ்விரண்டும் அருகருகே இருந்தால் ஒன்று வெளிறும்போது மற்றது ஏறும்.

தெரிவு

கரிய இலை கண்ணுக்குப் பின்வாங்கித் தெரியும். ஈர மண்ணின் முன்னாலோ யூ வேலியின் முன்னாலோ வைத்த கருந்தழை, பத்தடி தள்ளி நின்றால் ஓட்டைபோல் தெரியும். கறுப்புச் செடிகளை மட்டுமே வாங்கிக் குவித்த தோட்டங்கள் ஏமாற்றம் தருவது இதனால்தான். வெளிறிய சரளைக்கல், சாம்பல் நிறச் சுவர், வெள்ளி இலை கொண்ட ஆர்ட்டிமீசியா, எலுமிச்சைப் பச்சைப் புற்கள் ஆகியவற்றின் நடுவே மூன்று கரிய செடிகள் போதும். வெயிலின் திசையும் முக்கியம். முன்னாலிருந்து ஒளி விழுந்தால் கோட்டினஸ் 'ராயல் பர்ப்பிள்' கறுப்பு. அந்தி வெயில் பின்னாலிருந்து விழுந்தால் அதே புதர் மாணிக்கச் சிவப்பு. சோகம் வேண்டுபவர் அதைப் பார்வைக்கும் மாலைச் சூரியனுக்கும் இடையில் நடக்கூடாது.

தரையை மூடுவதற்கு ஜப்பானிய ஓஃபியோபோகன் 'நைக்ரெசென்ஸ்' நிகரற்றது. ஒரு சாண் உயரத்துக்குள் வளைந்து விழும் நாடா இலைகள். இந்தப் பட்டியலில் உண்மைக் கறுப்புக்கு மிக நெருங்கியது இதுதான். இலையடியை விலக்கிப் பார்த்தால் மட்டும் பச்சை தெரியும். கோடையில் வெளிர் ஊதாப் பூ, பின்னர் பளபளக்கும் கருங்காய். மெதுவாகப் பரவுவதால் நெருக்கி நட வேண்டும். குளிரிலும் இலை உதிராது.

புதர்களில் கறுப்பு எல்டர் 'பிளாக் லேஸ்' நன்கு வெட்டுண்ட இலையும் இளஞ்சிவப்புப் பூவும் உடையது. குளிர்காலக் கடைசியில் அடியோடு வெட்டினால் இலை பெரிதாகும், அந்த ஆண்டு பூ போகும். கோத்திக் தோட்டத்தில் பூவை விட்டுக்கொடுப்பதில் இழப்பில்லை. ஹ்யூகெரா 'பேலஸ் பர்ப்பிள்' லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தில் தோன்றி, 1991இல் அமெரிக்கப் பல்லாண்டுத் தாவரச் சங்கத்தின் ஆண்டின் சிறந்த செடியானது. பின்வந்த எண்ணற்ற ஹ்யூகெரா வகைகளுக்கு இதுவே வழி திறந்தது. கூன்வண்டுப் புழு வேரைத் தின்றுவிடும் என்பது இதன் குறை. இலை வாடியபின் பார்த்தால் செடி கையோடு வரும். டேலியா 'பிஷப் ஆஃப் லேண்டாஃப்' 1924இல் கார்டிஃபில் உருவானது. இதன் சிவப்புப் பூ கோத்திக் தோட்டத்துக்குப் பொருந்தாது என்பாரும் உளர். கரிய இலை மேல் அந்தச் சிவப்பு இல்லாவிட்டால் தோட்டம் வெறும் துக்க வீடுதான்.

வெப்பநாட்டுச் செடிகளும் இதில் உண்டு. கரும்பழுப்பு இலை கொண்ட சேம்பு 'பிளாக் மேஜிக்', சர்க்கரைவள்ளி 'பிளாக்கி', செவ்விலை ஆமணக்கு 'கார்மென்சிட்டா' ஆகியவை ஐரோப்பாவில் உறைபனி வரும்வரை மட்டுமே தாங்கும். தமிழ்நாட்டில் வரப்போரம் கேட்பாரற்று வளரும் ஆமணக்கை ஆங்கிலத் தோட்டக்காரர் ஆண்டுதோறும் விதைபோட்டு, கண்ணாடி வீட்டில் வளர்த்து, ஜூனில் வெளியே நடுகிறார். மறுபுறம், பீச்சும் எல்டரும் நம் சமவெளிக்கு ஒத்துவரா. சமவெளியில் இந்தப் பாணியை முயல்பவருக்குச் சேம்பும் சர்க்கரைவள்ளியும் செவ்விலை ஆமணக்குமே போதுமானவை. ஆமணக்கு விதை கொடிய நஞ்சு. குழந்தைகள் இருக்கும் வீட்டில் பூங்கொத்தைக் கிள்ளிவிடுவது நல்லது.

செம்பு பீச்சை விதையிலிருந்து வளர்த்தால் பல கன்றுகள் பச்சையாகவே வரும். எனவே ஒட்டுக்கன்றே வாங்க வேண்டும். கருந்தழைச் செடி எதிலும் பச்சைக் கிளை கிளம்பினால் அடியோடு நீக்க வேண்டும். பச்சையம் மிகுந்த அக்கிளை வேகமாக வளர்ந்து செடியையே விழுங்கிவிடும்.

இன்றைய நிலை

கருந்தழையும் கோத்திக் மனநிலையும் இணைந்தது 20ஆம் நூற்றாண்டில். சார்ல்ஸ் ஆடம்ஸ் 1938 முதல் வரைந்த ஆடம்ஸ் குடும்பக் கேலிச்சித்திரங்களும், ரோஜாப் பூவை வெட்டி எறிந்துவிட்டுக் காம்பைச் சாடியில் வைக்கும் அக்குடும்பத் தலைவி மார்ட்டிசியாவைக் காட்டிய 1964 தொலைக்காட்சித் தொடரும் இதற்கு வழிவகுத்தன. வடக்கு இங்கிலாந்தில் ஆன்விக் தோட்டத்தின் நச்சுத்தோட்டம், மண்டையோடு பொறித்த கறுப்பு இரும்புக் கதவுகளோடு 2005இல் திறக்கப்பட்டது. நர்சரிகள் ஆண்டுதோறும் புதிய கரிய வகைகளை வெளியிடுகின்றன. செவ்விலைக்காக விரும்பி நடப்பட்ட ஜப்பானிய பார்பெரி புதர் காடுகளில் பரவியதால், அமெரிக்காவின் நியூயார்க், பென்சில்வேனியா மாநிலங்கள் அதன் விற்பனையைத் தடைசெய்துள்ளன. விதை பிடிக்காத சில வகைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.