விளக்கறையிலிருந்து பட்டறைச் சுவருக்கு

கம்பியில்லா மின்கருவிகளைப் பயன்படுத்தும் தச்சுப் பட்டறைகளிலும் கட்டுமானப் பணிமனைகளிலும் இன்று சுவரின் ஒரு பகுதி பாட்டரிகளுக்கென்றே ஒதுக்கப்படுகிறது. டிரில், திருகு முடுக்கி, வட்ட ரம்பம் முதலிய கருவிகளின் சார்ஜர்கள் அங்கே வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கும். அவற்றின் கீழே ஏற்றம் முடிந்த பாட்டரிகளுக்கும் தீர்ந்த பாட்டரிகளுக்கும் தனித்தனித் தட்டுகள் இருக்கும். மின்சாரம் முழுவதும் ஒரே சுவிட்சின் வழியாக வந்து சேரும். இதை வசதி கருதி அண்மையில் தோன்றிய ஏற்பாடாகவே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் தொழிற்கூடத்தில் மின்னேற்றுவதற்கென ஓர் இடம் ஒதுக்கும் வழக்கம் நூறாண்டுக்கும் மேற்பட்டது. அந்த இடம் தனி அறையாக இருக்க வேண்டுமா, வேலை மேசையின் ஓரமே போதுமா, அதை மரத்தால் அமைக்கலாமா, அதைக் கவனிக்க ஓர் ஆள் வேண்டுமா என்பவற்றையெல்லாம் தச்சரின் விருப்பத்தைவிட மின்கலத்துக்குள் நிகழும் வேதிவினையே ஒவ்வொரு காலத்திலும் தீர்மானித்து வந்துள்ளது.

திரும்பத் திரும்ப மின்னேற்றிப் பயன்படுத்தத்தக்க முதல் மின்கலம், கந்தக அமிலத்தில் ஈயத் தகடுகளை அமிழ்த்திப் பிரான்சின் கஸ்தோன் பிளாந்தே 1859-இல் அமைத்த ஈய-அமில மின்கலம் ஆகும். தகடுகளின்மேல் ஈயச் சேர்மக் குழம்பைப் பூசும் முறையைக் கமில் ஃபோர் 1881-இல் கண்டபின் அது பெருமளவில் உற்பத்தி செய்யத்தக்க பொருளாயிற்று. 1897-இல் நியூயார்க் நகரில் ஓடத் தொடங்கிய மின்சார வாடகை வண்டிகள், தீர்ந்த பாட்டரிப் பெட்டியை நிலையத்தில் இறக்கிவிட்டு ஏற்றிய பெட்டியொன்றை மாட்டிக்கொண்டு புறப்பட்டன. வண்டி ஓடும்போதே மற்றொரு பெட்டி ஏறிக்கொண்டிருக்கும் இந்த முறைதான் பின்னாளில் கைக்கருவிகளுக்கும் பொருந்தி வந்தது. மின்னேற்றத்துக்கு ஒரே திசையில் பாயும் நேர்திசை மின்னோட்டம் தேவை. நகரங்களில் மாறுதிசை மின்னோட்டம் பரவியபோது அதை நேர்திசையாக மாற்றித் தரும் சாதனம், அதாவது மின்திருத்தி, தேவைப்பட்டது. பீட்டர் கூப்பர் ஹியூவிட் 1902-இல் உருவாக்கிய பாதரச ஆவித் திருத்தியும், ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் அடுத்த பதினைந்தாண்டுக்குள் வெளியிட்ட டங்கர் என்னும் ஆர்கான் வாயுக் குமிழும் அத்தேவையை நிறைவேற்றின. பிரிட்டனில் வானொலிப் பெட்டிகளின் பாட்டரிகளை வாகனப் பட்டறைகளிலும் மிதிவண்டிக் கடைகளிலும் கொடுத்து ஏற்றி வாங்குவது 1920-களிலும் 1930-களிலும் வாடிக்கையாக இருந்தது.

ஈய-அமில மின்கலம் ஏற்றம் நிறைவடையும் நிலையை நெருங்கும்போது, அதிலுள்ள நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து வெளியேறுகிறது. காற்றில் ஹைட்ரஜன் 4 விழுக்காட்டை எட்டினாலே தீப்பொறி பட்டால் வெடிக்கக்கூடும். ஆகவே மின்னேற்றம் வேலைத்தளத்திலிருந்து பிரிக்கப்பட்டு, காற்றோட்டமும் அமிலம் அரிக்காத தரையும் கொண்ட தனி அறைக்குச் சென்றது; புகைபிடித்தலும் திறந்த சுடரும் அங்கே தடுக்கப்பட்டன. அமெரிக்கக் கட்டுமானத் தொழிலுக்கான பாதுகாப்பு விதிகள், இத்தகைய பாட்டரிகளைக் கையாளும் இடத்திலிருந்து 25 அடிக்குள் கண்ணையும் உடலையும் உடனே கழுவிக்கொள்ளும் வசதி இருக்க வேண்டும் என்று இன்றும் கட்டளையிடுகின்றன.

ஆயினும் இன்றைய பட்டறைச் சுவரின் நேரான முன்னோடியை வாகனக் கொட்டகையில் தேடுவதைவிட நிலக்கரிச் சுரங்கத்தின் வாயிலில் தேடுவதே பொருத்தம். ஹம்ஃப்ரி டேவி 1815-இல் பாதுகாப்பு விளக்கை வடிவமைத்தபின், விளக்குகளைத் துடைத்து, எண்ணெய் நிரப்பி, பூட்டி, தொழிலாளரிடம் ஒப்படைப்பதற்கெனச் சுரங்கங்களில் விளக்கறைகள் எழுந்தன. மின்விளக்கு வந்தபோது அதே அறை மின்னேற்றும் அறையாக மாறியது. ஜோசப் ஸ்வான் 1880-களில் சுரங்க மின்விளக்குகளைச் சோதித்துப் பார்த்திருந்தார். ஆனால் அவை கையாள முடியாத எடையுடன் இருந்தன. 1912-இல் மேற்கு வர்ஜீனியாவின் ஜெட் என்னும் ஊரில் நிகழ்ந்த சுரங்க வெடிவிபத்துக்குப் பின்னர், ஜான் ரயன், ஜார்ஜ் டெய்க்கி என்னும் இரு சுரங்கப் பொறியாளர்கள் 1914-இல் மைன் சேஃப்டி அப்ளையன்சஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். தொப்பியில் பொருத்தும் விளக்கும் இடுப்பில் கட்டும் மின்கலமும் கொண்ட அமைப்பைத் தாமஸ் எடிசன் அவர்களுக்காக உருவாக்கித் தந்தார்.

அந்த விளக்கறைகளில் வகுக்கப்பட்ட ஒழுங்கு வியக்கத்தக்கது. ஒவ்வொரு விளக்குக்கும் ஓர் எண் இருந்தது. அதே எண் பொறித்த பித்தளை வில்லையைக் கொடுத்தே தொழிலாளி விளக்கைப் பெற்றார். ஆணியில் தொங்கும் வில்லைகளைப் பார்த்தே யார் இன்னும் நிலத்தடியில் இருக்கிறார் என்று அறிய முடிந்தது. விளக்கு ஒரு முழுப் பணிமுறைக்கு எரிய வேண்டும், தொழிலாளி மறுநாள் இறங்குவதற்குள் அது முழுமையாக ஏற வேண்டும் என்ற இரு நிபந்தனைகளே விளக்குகளை மாட்டி மின்னேற்றும் சட்டங்களின் எண்ணிக்கையையும் மின்னோட்டத்தின் அளவையும் முடிவு செய்தன. விளக்கைச் சட்டத்தில் பொருத்திய உடனே மின்தொடர்பு ஏற்படும்படி முனைகள் அமைக்கப்பட்டதால், கம்பிகளைத் தனியே இணைக்கும் வேலையும் ஒழிந்தது. பாட்டரியை உரிய பள்ளத்தில் செருகினாலே ஏற்றம் தொடங்கும் இன்றைய சார்ஜரின் அடிப்படை எண்ணம் இதுவே. எண்ணிட்டு அடுக்குவதும் கணக்கு வைப்பதும் மட்டும் பெரும்பாலான பட்டறைகளில் கைவிடப்பட்டுவிட்டன என்பது வருந்தத்தக்கது.

மின்னேற்றம் தனி அறையைவிட்டு வேலை மேசைக்கு வருவதற்கு, வாயுவை வெளியிடாத மின்கலம் ஒன்று தேவைப்பட்டது. சுவீடனின் வால்டெமார் யூங்னர் 1899-இல் உருவாக்கிய நிக்கல்-காட்மியம் மின்கலத்தில் அமிலத்துக்குப் பதிலாகக் காரக் கரைசல் இருந்தது. அது உறுதியானது, நீண்ட காலம் உழைப்பது, ஆனால் தொடக்கத்தில் அதுவும் வாயுவை வெளியேற்றியது. 1947-இல் கேயார்க் நாய்மான் என்பவரின் முயற்சியால் அதை முழுவதுமாக மூடி முத்திரையிட முடிந்தது. காட்மியம் உள்ள எதிர்மின்வாயை நிக்கல் உள்ள நேர்மின்வாயைவிடக் கூடுதல் கொள்ளளவுடன் அமைத்தால், ஏற்றம் மிகும்போது நேர்மின்வாயில் மட்டுமே வாயு, அதுவும் ஆக்சிஜன், தோன்றும். அந்த ஆக்சிஜன் கலத்துக்குள்ளேயே எதிர்மின்வாயைச் சென்றடைந்து காட்மியத்துடன் வினைபுரிந்து மறையும். வாயுவுக்குப் பதிலாக வெப்பம் மட்டுமே வெளிப்பட்டதால் காற்றோட்ட அறையும் அமிலத் தரையும் தேவையற்றுப்போயின. கம்பியில்லாக் கருவியின் வரலாற்றில் மோட்டாரைவிடவும் இந்த மூடிய கலத்துக்கே முதலிடம் தர வேண்டும்.

மோட்டாரோ முன்பே ஆயத்தமாக இருந்தது. ஜெர்மனியின் ஃபைன் நிறுவனம் 1895-இல் கையில் ஏந்தும் மின் டிரில்லைச் செய்தது. பால்டிமோரில் டங்கன் பிளாக், அலோன்சோ டெக்கர் ஆகிய இருவரும் 1910-இல் தொடங்கிய பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம், 1916-இல் துப்பாக்கி போன்ற கைப்பிடியும் விசைப்பொத்தானும் கொண்ட டிரில்லை வெளியிட்டு, இன்றுவரை மாறாத வடிவத்தை அதற்கு அளித்தது. அதே நிறுவனம் 1961-இல் நிக்கல்-காட்மியம் கலங்களால் இயங்கும் கம்பியில்லா டிரில்லைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. விண்வெளி ஆய்வின் உபரிப் பயனாகவே கம்பியில்லாக் கருவி பிறந்தது என்று பரவலாக எழுதப்படுகிறது. காலவரிசை அதற்கு இடம் தரவில்லை. ஜெமினி விண்கலத் திட்டத்துக்காக எடையற்ற நிலையில் பணியாளரைச் சுழற்றிவிடாத முடுக்கியையும், 1971-இல் அப்போலோ 15 பயணத்தில் நிலவின் மண்ணைத் துளைத்த டிரில்லையும் உருவாக்குவதில் அந்நிறுவனம் பங்கேற்றது உண்மையே; ஆனால் அது கடையில் விற்பனைக்கு வந்த கருவிக்குப் பிந்தியது. ஜப்பானின் மகிதா நிறுவனம் 1969-இலும், பின்னர் 1978-இல் நிக்கல்-காட்மியம் பாட்டரியுடனும் தன் மின்னேற்று டிரில்களை வெளியிட்டது.

அக்காலச் சார்ஜர் எளிய மின்மாற்றியும் திருத்தியும் மட்டுமே கொண்டது. பாட்டரியின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தை 14 முதல் 16 மணி நேரம் செலுத்துவது வழக்கம். அவ்வளவு சிறிய மின்னோட்டத்தால் எழும் வெப்பத்தைக் கலம் தாங்கிக்கொள்ளும் என்பதால், மாலையில் மாட்டிவிட்டுக் காலையில் எடுக்கலாம். இந்தப் பழக்கத்துக்கு ஒரே ஒரு சார்ஜரும் சுவரில் ஒரு பிளக்கும் போதும். நிலைமையை மாற்றியது ஒரு மணி நேர விரைவு ஏற்றம். நிக்கல்-காட்மியம் கலம் நிறைந்த கணத்தில் அதன் மின்னழுத்தம் உச்சத்தை எட்டிச் சில மில்லிவோல்ட் கீழே இறங்குகிறது. அந்தச் சிறு இறக்கத்தைக் கண்டறிந்து மின்னோட்டத்தைத் துண்டிக்கும் மின்னணுச் சுற்றும், பாட்டரிக்குள் வெப்பநிலையை அளக்கும் வெப்பத்தடையும் சேர்ந்து பெரிய மின்னோட்டத்தைப் பாதுகாப்பாகச் செலுத்த வழிசெய்தன. இரண்டு பாட்டரியும் ஒரு சார்ஜரும் இருந்தால் நாள் முழுதும் நிற்காமல் வேலை செய்யலாம் என்ற கணக்கு இதனால் உருவாயிற்று. நியூயார்க் வாடகை வண்டிகளின் பழைய ஏற்பாடு உள்ளங்கை அளவில் மறுபடியும் தோன்றியது எனலாம். கருவிகளின் எண்ணிக்கை பெருகப் பெருகச் சார்ஜர்கள் வேலை மேசையில் இடத்தைப் பிடித்துக்கொண்டன. அவற்றின் முதுகில் ஆணியில் மாட்டுவதற்கான துளைகளைத் தயாரிப்பாளர்களே இட்டனர். சுவர்ப் பலகை அங்கிருந்து தொடங்குகிறது.

நிக்கல்-உலோக ஹைட்ரைடு பாட்டரிகள் 1990-களில் வந்தபோது அந்தப் பலகையில் முதல் குழப்பம் நேர்ந்தது. அவை ஒரே அளவில் கூடுதல் ஆற்றலைத் தேக்கின, நச்சுத்தன்மையுள்ள காட்மியமும் அவற்றில் இல்லை. ஆனால் நிறைந்த நிலையில் அவற்றின் மின்னழுத்த இறக்கம் மேலும் சிறியது. பழைய சார்ஜர் அதைக் கவனிக்கத் தவறினால் பாட்டரி சூடாகிப் பழுதடைந்தது.

லித்தியம்-அயனி மின்கலம் 1991-இல் சோனி நிறுவனத்தால் சந்தைக்கு வந்தது. அதற்கு அடித்தளமிட்ட ஸ்டான்லி விட்டிங்காம், ஜான் குடினஃப், அகிரா யோஷினோ மூவரும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றனர். ஒளிப்படக் கருவிகளுக்கு ஏற்ற அம்மின்கலம், பெரும் மின்னோட்டத்தைத் திடீரெனக் கேட்கும் டிரில்லுக்கு உடனே பொருந்தவில்லை. 2003-இல் போஷ் நிறுவனத்தின் இக்ஸோ என்னும் சிறு திருகு முடுக்கியும், 2005-இல் மில்வாக்கி நிறுவனத்தின் 28 வோல்ட் கருவிகளும், 2006-இல் இரும்புப் பாஸ்பேட் கலங்களைக் கொண்ட டிவால்ட் நிறுவனத்தின் 36 வோல்ட் கருவிகளும் வழியைத் திறந்தன. ஒரு நிக்கல் கலம் 1.2 வோல்ட் தருவதால் 18 வோல்ட்டுக்கு 15 கலங்கள் வேண்டியிருந்தன, 3.6 வோல்ட் தரும் லித்தியம் கலம் ஐந்தே போதும். அதே ஐந்து கலங்கள் ஏற்றம் முடிந்த கணத்தில் 20 வோல்ட்டைத் தொடுவதால் சில நிறுவனங்கள் அந்த எண்ணையே பெட்டியில் அச்சிட்டன. இரண்டும் ஒரே திறனுள்ளவை.

இந்தக் கலத்துடன் பழைய எச்சரிக்கை புதிய உருவில் திரும்பியது. லித்தியம் கலத்தை 4.2 வோல்ட்டுக்குமேல் ஏற்றக் கூடாது. அதன் மின்பகுபொருள், அதாவது அயனிகளைச் சுமந்து செல்லும் கரைசல், எரியக்கூடிய கரிமக் கரைப்பான்களால் ஆனது. கலம் சேதமுற்று உட்சூடு கட்டுமீறினால் ஒரு கலத்தின் தீ அடுத்த கலத்தையும் பற்றும். உறைநிலைக்குக் கீழே ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்து உட்குறுக்குச் சுற்று ஏற்படலாம் என்பதால், குளிர்நாடுகளில் சூடேற்றப்படாத கொட்டகையில் சார்ஜர்களை வைப்பதும் தவறாயிற்று. நிக்கல்-காட்மியம் காலத்தில் முழுவதும் தீர்த்தபின்பே ஏற்ற வேண்டும் என்று கைவினைஞர்கள் கற்றிருந்தனர். லித்தியத்துக்கு அந்தப் பழக்கமே கேடு விளைவிப்பது, நெடுநாள் வைப்பதற்கு அரைகுறை ஏற்றமே ஏற்றது.

இன்றைய பட்டறைச் சுவரில் மின்னேற்றப் பலகையை அமைப்போர் இவ்வளவு வரலாற்றுக்கும் சேர்த்து விடை காண வேண்டியிருக்கிறது. 18 வோல்ட் பாட்டரிக்குள் 9 ஆம்பியர் செலுத்தும் விரைவுச் சார்ஜர் 160 வாட்டுக்கு மேல் கொடுக்கிறது. வெப்ப இழப்பையும் சேர்த்து 200 வாட் என்று கொண்டாலும் ஆறு சார்ஜர்கள் ஒருசேர 1,200 வாட் எடுக்கும். அமெரிக்காவின் 120 வோல்ட், 15 ஆம்பியர் மின்சுற்று 1,800 வாட்டைத் தாங்கினாலும், மூன்று மணி நேரத்துக்கு மேல் தொடரும் சுமைக்கு அதில் 80 விழுக்காடான 1,440 வாட்டையே மின்விதிகள் அனுமதிக்கின்றன. ஆகவே அதே சுற்றில் தூசி உறிஞ்சியையும் இணைப்பது பொருந்தாது. விரைவுச் சார்ஜரின் விசிறி பாட்டரியின் ஊடாகக் காற்றை இழுப்பதால், நுண்ணிய மரத்தூள் அதற்குள் புகாதபடி ரம்பத்திலிருந்து தொலைவில் அமைக்க வேண்டும். காற்றுத் துளைகளை அடைக்கும் மூடிய பெட்டியும் ஆகாது. தச்சர்கள் இயல்பாகவே ஒட்டுப்பலகையால் அழகிய அலமாரி செய்கின்றனர். அந்த உழைப்பு மதிக்கத்தக்கதே, எனினும் சார்ஜர்களுக்குப் பின்னால் இரும்புத் தகடோ ஜிப்சம் பலகையோ இடுவதும், மேலே புகை உணரியைப் பொருத்துவதும், ஆள் இல்லாத இரவில் மின்சாரத்தை நிறுத்த ஒரு நேரச் சுவிட்சை வைப்பதும் அழகுக்கு முன்னே வர வேண்டியவை.

பலகையின் அகலத்தைப் பெருக்குவது வேதியியலைவிட வணிகமே. ஒவ்வொரு நிறுவனமும் தன் பாட்டரிக்குத் தனிப் பள்ளத்தையும் தனி முனைகளையும் வகுத்திருப்பதால், மூன்று நிறுவனங்களின் கருவிகளை வைத்திருக்கும் பட்டறைக்கு மூவகைச் சார்ஜர்கள் தேவைப்படுகின்றன. ஜெர்மனியின் மெட்டாபோ நிறுவனம் 2018-இல் முன்னின்று தொடங்கிய கூட்டமைப்பில் பல நிறுவனங்கள் ஒரே பாட்டரியை ஏற்றுக்கொண்டன. போஷ் நிறுவனமும் பின்னர் அத்தகைய கூட்டணிகளை அமைத்தது. பெரும் சந்தையை வைத்திருக்கும் மகிதா, மில்வாக்கி, டிவால்ட் ஆகியவை தத்தம் வடிவத்தையே தொடர்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் காட்மியம் பாட்டரிகளுக்குத் தடை விதித்தபோது கம்பியில்லாக் கருவிகளுக்கு விலக்களித்து, அந்த விலக்கை 2016 இறுதியுடன் முடித்துக்கொண்டது. ஆயுள் தீர்ந்த பாட்டரிகளைத் திரும்பப் பெறும் அமைப்பை அமெரிக்க மின்கலத் தொழில் 1994-இல் தொடங்கியது. இந்தியாவில் 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் அப்பொறுப்பைத் தயாரிப்பாளர்களிடம் ஒப்படைத்துள்ளன. ஆகவே ஏறும் பாட்டரி, ஏறிய பாட்டரி ஆகிய இரண்டுடன், முனைகளை ஒட்டுநாடாவால் மூடி மறுசுழற்சிக்குக் காத்திருக்கும் பாட்டரிகளுக்கும் அந்தப் பலகையில் ஒரு தட்டு ஒதுக்க வேண்டியிருக்கிறது.