பெங்களூருப் பள்ளிகளில் உணவு, பயண உதவி

பெங்களூரில் வருமானம் குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி நாளில் ஆகும் சாப்பாட்டுச் செலவையும் போக்குவரத்துச் செலவையும் அரசும் சில அறக்கட்டளைகளும் ஓரளவு ஏற்கின்றன. இரண்டும் ஒரே தரத்தில் கிடைப்பதில்லை. உணவுக்கென்று தனித் திட்டமும் தனி நிதியும் சமையற்கூடங்களும் உண்டு. பயணத்துக்கு அப்படி ஒன்று கிடையாது. பெண்களுக்கான இலவசப் பேருந்து, பட்டியல் இனத்தவருக்கான சலுகை, மாணவர் பாஸ் என்று வேறு வேறு திட்டங்களின் ஓரத்தில் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கர்நாடகத்தின் மதிய உணவுத் திட்டம் ‘அட்சர தாசோகா’ எனப்படுகிறது. பெற்றோர் பேச்சில் அது ‘பிசியூட்டா’. பள்ளிகளில் சமைத்த உணவே தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 28 அன்று மாநிலங்களுக்கு ஆணையிட்டது. அதன்பின் 2002 ஜூனில் வடகிழக்கு மாவட்டங்களில் தொடங்கிய திட்டம், அடுத்த ஆண்டு மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. தமிழ்நாட்டில் காமராசர் காலத்தில், 1956-லேயே பள்ளிகளில் சாப்பாடு போடத் தொடங்கியதை நினைத்தால் இது தாமதம்தான். முதலில் 5-ஆம் வகுப்பு வரை இருந்தது, படிப்படியாக 10-ஆம் வகுப்பு வரை நீண்டது. 8-ஆம் வகுப்பு வரைக்குமான செலவில் ஒன்றிய அரசு 60 பங்கும் மாநிலம் 40 பங்கும் போடுகின்றன. 9, 10 வகுப்புகளின் செலவு மாநிலத்துடையது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம் தானியம், 450 கலோரி, 12 கிராம் புரதம் என்பதும், நடுநிலைப் பள்ளிப் பிள்ளைக்கு 150 கிராம், 700 கலோரி, 20 கிராம் என்பதும் ஒன்றிய அரசு வகுத்த அளவு.

நீதிமன்ற ஆணைக்கு முன்பே பெங்களூரில் ஒரு தனி முயற்சி நடந்துகொண்டிருந்தது. இஸ்கான் பெங்களூரு அமைப்பினர் 2000 ஜூனில் ஐந்து அரசுப் பள்ளிகளின் 1,500 பிள்ளைகளுக்கு உணவு வழங்கத் தொடங்கினர். அதுவே அட்சய பாத்திரம் அறக்கட்டளை. இன்று பல மாநிலங்களில் இயங்கும் இந்த அமைப்பு, அரசு தரும் தானியத்தையும் மானியத்தையும் நன்கொடையோடு சேர்த்து நடக்கிறது. நகரப் பள்ளிகளில் அடுப்படிக்கு இடமில்லாததால் பெங்களூரில் மையச் சமையற்கூட முறை எளிதில் வேரூன்றியது. விடியும் முன்பே நீராவிக் கொப்பரைகளில் சோறும் சாம்பாரும் வெந்து, எவர்சில்வர் பாத்திரங்களில் அடைக்கப்பட்டு, சூடு ஆறாதபடி அமைத்த வண்டிகளில் பள்ளிகளுக்குப் போகின்றன. சமையலில் வெங்காயமும் பூண்டும் சேர்ப்பதில்லை என்ற அமைப்பின் வழக்கம் நெடுநாள் சர்ச்சையானது. சத்தின் அளவு சரியாக இருக்கலாம். ஆனால் வீட்டில் பூண்டு போட்டுச் சமைக்கும் குடும்பத்துப் பிள்ளை அந்தச் சாம்பாரை விரும்பிச் சாப்பிடுமா என்று உணவுரிமை அமைப்புகள் கேட்டன. ஒதுக்கத்தக்க கேள்வி அல்ல அது.

மதியச் சாப்பாட்டுக்கு அப்பாலும் சில உண்டு. 2013 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கிய ‘ஷீர பாக்கியா’ திட்டத்தில், பால்பவுடரைக் கரைத்துக் காய்ச்சிய 150 மில்லி பால் காலையில் தரப்படுகிறது. 2024 பிப்ரவரியிலிருந்து வாரத்தில் மூன்று நாள் அதில் கேழ்வரகு மாவும் கலக்கிறது. முட்டைக்குத்தான் வழி கிடைப்பது கடினமாக இருந்தது. 2021 டிசம்பரில் வடகர்நாடகத்தின் பின்தங்கிய மாவட்டங்களில் அரசு முட்டை கொடுக்கத் தொடங்கியபோது சில மடாதிபதிகள் எதிர்த்தனர். முட்டை வேண்டாதவருக்கு வாழைப்பழம் அல்லது கடலைமிட்டாய் என்ற ஏற்பாட்டோடு திட்டம் நிலைத்து, பிறகு மாநிலம் முழுவதும் விரிந்தது. ஒரு முட்டைக்கு ஒதுக்கிய 6 ரூபாயில், வேகவைத்த முட்டையின் ஓட்டை உரிப்பதற்கான 30 பைசாவும் அடக்கம். வாரத்தில் இரண்டு நாள் தந்த முட்டையை ஆறு நாளாக்க அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை மூன்றாண்டுகளுக்குச் சுமார் 1,500 கோடி ரூபாய் தர முன்வந்தது. 2024 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது.

பயணத்தில் கணக்கு வேறு. 1 முதல் 5 வகுப்பு வரை 1 கிலோமீட்டருக்குள்ளும், 6 முதல் 8 வரை 3 கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் வந்த விதி. அருகில் பள்ளி இருந்தால் வண்டிச் செலவே வராது என்பது அதன் அடிப்படை. உயர்நிலைப் பள்ளிக்கு இந்த வரம்பு பொருந்தாது. வாடகை ஏறும்போதெல்லாம் நகரின் விளிம்பை நோக்கி வீடு மாறும் கூலித் தொழிலாளர் குடும்பங்களுக்கோ பழைய பள்ளியை விட்டுவிடவும் மனம் வராது. இவர்களுக்குக் கைகொடுப்பது பெருநகரப் போக்குவரத்துக் கழகத்தின் மாணவர் பாஸ். தொடக்கப் பள்ளி மாணவர்கள் நடைமுறைக் கட்டணம் மட்டும் செலுத்தினால் போதும்; உயர்நிலைப் பள்ளியில் சலுகைக் கட்டணம்; பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு இலவசம். ‘சேவா சிந்து’ இணையதளத்தில் விண்ணப்பித்து, பெங்களூரு ஒன் மையத்தில் பாஸை வாங்கிக்கொள்ளலாம்.

2023 ஜூன் 11 அன்று ‘சக்தி’ திட்டம் வந்தபின் மாணவிகளுக்கு இந்தப் பாஸின் தேவையே குறைந்தது. கர்நாடகத்தில் வசிப்பதற்கான அடையாள அட்டையைக் காட்டினால் சாதாரணப் பேருந்தில் கட்டணமில்லாச் சீட்டு கிடைக்கும். சின்னப் பிள்ளையைப் பள்ளியில் விட்டுத் திரும்பும் தாய்க்கும் அது பொருந்துவது பெரிய மிச்சம். அதே வீட்டுப் பையனுக்கு மட்டும் பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது.

இந்த உதவிகளின் பெரிய ஓட்டை, பள்ளியின் வகையில் இருக்கிறது. மதிய உணவும் பாலும் முட்டையும் அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் மட்டுமே. ஆங்கில வழிக் கல்விக்காகக் கடன் வாங்கியாவது குறைந்த கட்டணத் தனியார் பள்ளியில் சேர்க்கும் வீட்டு வேலைக்காரர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள் பெங்களூரில் ஏராளம். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் சேர்ந்தவர்களுக்கும் படிப்புக் கட்டணத்தைத்தான் அரசு ஈடுகட்டியது; பள்ளி வேனுக்கும் டிபன் பாக்ஸுக்கும் குடும்பமே பொறுப்பு. அரசு அல்லது உதவி பெறும் பள்ளி அருகில் இருந்தால் தனியாரில் அந்த இடம் இல்லை என்று 2019-20 கல்வியாண்டு முதல் விதி மாறியதால் அந்த வழியும் சுருங்கிவிட்டது. அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியில் படிப்பவர்களில் மாணவிகளுக்குச் ‘சக்தி’ உண்டு; மாணவர்களுக்கு மிஞ்சுவது மாணவர் பாஸ் ஒன்றுதான்.