எழுதும் பெட்டியில் எதைச் சேமிக்கிறோம்?

ஒரு வலைச் செயலியில் ரிச் டெக்ஸ்ட் எடிட்டரைச் சேர்ப்பது இன்று அரைநாள் வேலையாகத் தெரிகிறது. ஏதோ ஒரு லைப்ரரியை இறக்கி நாலு வரி கோட் எழுதினால் தடித்த எழுத்து, சாய்வெழுத்து, பட்டியல், இணைப்பு என்று பொத்தான்கள் வரிசைகட்டிய பெட்டி வந்து நின்றுவிடும். எந்த எடிட்டர் அழகாக இருக்கிறது, எது இலவசம், எது வேகமாக ஏறுகிறது என்பதோடு விவாதம் முடிந்துவிடுகிறது. அந்தப் பெட்டியின் ஐம்பதாண்டுப் பாதையைத் திரும்பிப் பார்த்தால், கேட்க வேண்டிய கேள்வி வேறு என்பது தெரியும். பயனர் எழுதி முடித்து ‘சேமி’ என்று அழுத்தும்போது டேட்டாபேஸுக்குள் போய் உட்காருவது எது? திரையில் தெரிந்த கோலத்தை அப்படியே அள்ளிச் சேமித்த எடிட்டர்கள் ஒவ்வொன்றும் சில ஆண்டுகளில் திணறின. எழுத்தை ஒரு பக்கமும் அதன் தோற்றத்தை இன்னொரு பக்கமும் பிரித்து வைத்தவையே தாக்குப்பிடித்தன. இந்த உண்மை ஆரம்பத்திலேயே கண்டறியப்பட்டு, இணையத்தில் மறக்கப்பட்டு, பெரும் சேதத்துக்குப் பிறகு மீண்டும் கண்டறியப்பட்டது என்பதுதான் இந்த வரலாற்றின் சாரம்.

1974இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் பட்லர் லாம்ப்சனும் சார்லஸ் சிமோனியும் ஆல்டோ கணினிக்காக பிராவோ என்ற எடிட்டரை உருவாக்கினார்கள். அச்சில் வரப்போவது திரையிலேயே தெரிய வேண்டும் என்ற எண்ணத்துக்கு உயிர்கொடுத்த முதல் எடிட்டர்களில் அது ஒன்று. திரையில் எழுத்தும் தோற்றமும் ஒன்றாகத் தெரிந்தாலும், உள்ளே பிராவோ எழுத்துகளைத் தனியாகவும் ‘இங்கிருந்து இதுவரை தடித்த எழுத்து’ என்பது போன்ற தோற்றக் குறிப்புகளைத் தனியாகவும் வைத்திருந்தது. சிமோனி 1981இல் மைக்ரோசாஃப்டுக்குப் போனார். அங்கிருந்து 1983இல் வேர்டு வந்தது. 1990இல் டிம் பெர்னர்ஸ்-லீ நெக்ஸ்ட் கணினியில் எழுதிய உலகின் முதல் பிரவுசரும் எடிட்டராகவே பிறந்தது. பக்கத்தைப் படித்துக்கொண்டே அதைத் திருத்தலாம், இணைப்பு கொடுக்கலாம், சேமிக்கலாம். ஆனால் நெக்ஸ்ட் கணினி வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். மற்றக் கணினிகளுக்கென்று வந்த வரிவடிவப் பிரவுசர் படிக்க மட்டுமே உதவியது. 1993இல் வந்து இணையத்தை மக்களிடம் கொண்டுசேர்த்த மொசைக்கிலும் அந்தத் திருத்தும் வசதி இல்லை. வாசகர் எழுத வேண்டுமானால் படிவத்தில் ஒரு வெற்றுப் பெட்டி. அதில் தடித்த எழுத்துக்குக்கூட வழியில்லை. இணையம் தன் பிறப்புரிமையில் பாதியைத் தொலைத்தது இந்தச் சில ஆண்டுகளில்தான்.

தொலைந்த அந்தப் பாதி திரும்பி வந்தபோது அரைகுறையாக வந்தது. 2000ஆம் ஆண்டு வெளியான இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5.5இல், பக்கத்தின் எந்தப் பகுதியையும் ஒரே ஒரு பண்புக்கூறால் திருத்தத்தக்கதாக மாற்றும் வசதி வந்தது. 2003இல் மொசில்லாவும் தன் பங்குக்கு இதே போன்ற வசதி ஒன்றைத் தந்தது. அந்த ஆண்டிலேயே எஃப்சிகே எடிட்டரும், அடுத்த ஆண்டு டைனிஎம்சிஇயும் பிறந்தன. 2005 டிசம்பரில் வேர்ட்பிரஸ் 2.0 டைனிஎம்சிஇயைத் தன்னோடு சேர்த்துக்கொண்டதும், எச்டிஎம்எல் தெரியாத லட்சக்கணக்கானோர் இணையத்தில் எழுத வந்தார்கள். இந்த நன்மையைக் குறைத்து மதிப்பிடவே கூடாது. ஆனால் அடித்தளம் ஆட்டம் கண்டிருந்தது. ‘தடித்த எழுத்தாக்கு’ என்று கட்டளையிட்டால் என்ன டேக் வர வேண்டும் என்று பொதுவான விதி ஏதும் அப்போது கிடையாது. ஒரு பிரவுசர் ஸ்ட்ராங் டேக் போடும், இன்னொன்று பி டேக் போடும், சஃபாரி ஆப்பிள் பெயர் தாங்கிய ஸ்பான் ஒன்றைச் செருகும். அந்நாளில் என்டர் தட்டினால் எக்ஸ்புளோரரில் புதுப் பத்தி, ஃபயர்பாக்ஸில் வரி முறிவு, குரோமில் டிவ். ஒரே கட்டுரையை மூன்று பேர் மூன்று பிரவுசரில் திருத்தினால், டேட்டாபேஸில் மூன்று பேச்சுவழக்குகள் கலந்த எச்டிஎம்எல் சேர்ந்திருக்கும். வேர்டிலிருந்து ஒட்டியதோ இன்னும் மோசம். கண்ணுக்குத் தெரியும் ஒரு வரிக்குப் பின்னால் அலுவலக மென்பொருளின் நடைக்குறிப்புகள் பத்து வரி ஒளிந்திருக்கும். ‘வேர்டிலிருந்து ஒட்டு’ என்று தனியாகவே ஒரு பொத்தானை எடிட்டர்கள் வைக்க வேண்டி வந்தது இதனால்தான்.

தோற்றத்தையும் எழுத்தையும் பிரிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ் அறிந்த அளவுக்கு வேறு மொழிகள் அறிந்திருக்குமா என்பது சந்தேகமே. யூனிகோட் பரவும்வரை தமிழ் பெரும்பாலும் எழுத்துருவின் தயவில் இருந்தது. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று தட்டினால் கணினிக்குள் சேமிக்கப்படுவது ஆங்கிலத்தின் ஜே, கே, பி, ஓ, அதன்பின் ஓர் அரைப்புள்ளி. அந்த ஐந்து குறிகளின் மேல் பாமினி என்ற சட்டையைப் போர்த்தியிருக்கும்வரைதான் அது தமிழ். அப்படி எழுதிய கட்டுரையை வலைப் பெட்டியில் ஒட்டும்போது, எடிட்டர் ‘சுத்தம் செய்கிறேன்’ என்று எழுத்துருப் பெயரை நீக்கினால், மொழியே நீங்கிவிடும். நீக்காமல் விட்டால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும்; தேடுபொறிக்கும் அகப்படாது. ஆங்கிலத்துக்கு அலங்காரச் சிக்கலாக இருந்தது தமிழுக்கு வாழ்வா சாவா என்ற சிக்கல். டிஸ்கி, டாப், டாம் என்று குறியேற்றங்கள் பெருகிய காலத்தின் எத்தனையோ பக்கங்கள் இன்று மாற்றிகளின் உதவியில்லாமல் படிக்க முடியாதவை.

இன்னொரு சேதம் பாதுகாப்பில் நேர்ந்தது. எச்டிஎம்எல் வெறும் உரை அன்று. அதற்குள் இயங்கும் கோடும் ஒளிந்து வரலாம். 2005 அக்டோபரில் மைஸ்பேஸ் தளத்தில் ஒருவர் தன் சுயவிவரப் பக்கத்தில் புகுத்திய ஸ்கிரிப்ட், அந்தப் பக்கத்தைப் பார்த்தவர்களின் பக்கங்களில் தன்னைத்தானே நகலெடுத்துக்கொண்டு, ஒரே நாளில் பத்து லட்சம் கணக்குகளுக்கு மேல் பரவியது. ஆபத்தான டேக்குகளைத் தளம் வடிகட்டத்தான் செய்தது. வடிகட்டியில் ஓட்டைகள் இருந்தன. எது கூடாது என்று பட்டியலிடும் முறை எப்போதும் தாக்குபவருக்கு ஒரு படி பின்னால்தான் நிற்கும். எது கூடும் என்று முதலிலேயே வரையறுத்த அமைப்பில் அந்த ஸ்கிரிப்டுக்கு உட்கார இடமே இருந்திருக்காது.

திருப்பம் மெல்ல வந்தது. 2005இல் ஒரு சிறு நிறுவனம் பிரவுசரின் திருத்தும் வசதியை வைத்தே ரைட்லி என்ற ஆவணச் செயலியைச் செய்தது. 2006இல் கூகுள் அதை வாங்கியது. 2010இல் கூகுள் டாக்ஸ் அந்த வசதியையே கைவிட்டு, தட்டும் எழுத்தைப் பிடிப்பதிலிருந்து மினுங்கும் கர்சரை வரைவதுவரை எல்லாவற்றையும் தானே செய்யத் தொடங்கியது. பலர் ஒரே நேரத்தில் ஒரே ஆவணத்தைத் திருத்த வேண்டுமானால் பிரவுசரின் மனம்போன போக்கை நம்ப முடியாது என்பதே காரணம். 2014இல் மீடியம் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், பிரவுசரின் திருத்தும் வசதி ஏன் நம்பத்தகாதது என்று விளக்கி எழுதியது பரவலாகப் படிக்கப்பட்டது. மரைன் ஹாவர்பெக்கேயின் புரோஸ்மிரர், ஜேசன் சென்னின் குவில், 2016இல் ஃபேஸ்புக் வெளியிட்ட டிராஃப்ட் ஜேஎஸ் எல்லாம் இந்தத் தெளிவின் பிள்ளைகள். டிராஃப்ட் ஜேஎஸ் சேமித்ததை ஒருமுறை திறந்து பாருங்கள்: ஒரு பத்தியின் உரை முழுவதும் வெற்று எழுத்தாக ஓரிடத்தில், ‘ஐந்தாம் இடத்திலிருந்து எட்டு எழுத்துகள் தடித்தவை’ என்ற குறிப்பு இன்னோரிடத்தில். பிராவோ 1974இல் செய்தது கிட்டத்தட்ட இதைத்தான்.

இப்படிப் பிரித்து வைப்பதற்கு மறுப்புகள் உண்டு. ஒரு சின்ன கருத்துப் பெட்டிக்கு இவ்வளவு ஆரவாரம் எதற்கு என்பது முதலாவது. பெட்டி சிறியதாக இருக்கும்போதுதான் வரையறை எளிது என்பதே பதில்: பத்தி, தடித்தல், இணைப்பு, அவ்வளவுதான் என்று எழுதி வைத்தால், ஒட்டப்படும் குப்பை தானாகவே உதிர்ந்துவிடும். இரண்டாவது மறுப்பு வலுவானது. எச்டிஎம்எல் எல்லோருக்கும் பொதுவானது. ஒரு லைப்ரரியின் சொந்த வடிவில் சேமித்தால், அந்த லைப்ரரி போனதும் உங்கள் உரையும் அநாதையாகும். டிராஃப்ட் ஜேஎஸ்ஸைப் பராமரிப்பதை அதன் நிறுவனமே நிறுத்திவிட்டு லெக்ஸிக்கல் என்ற வேறொரு எடிட்டருக்கு மாறியிருப்பது இந்த அச்சத்துக்குச் சான்று. மறுக்க முடியாது. ஆனால் இது பிரித்து வைப்பதற்கு எதிரான வாதம் இல்லை. பிரித்து வைத்ததன் வரையறையை லைப்ரரியிடம் ஒப்படைக்காமல் நம் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதற்கான வாதம். அந்த வரையறைக்கு உட்பட்ட தூய எச்டிஎம்எல்லாகவே சேமித்தாலும் குறையில்லை. வேர்ட்பிரஸ் 2018 டிசம்பரில் குட்டன்பர்க் எடிட்டருக்கு மாறியபோது எச்டிஎம்எல்லைக் கைவிடவில்லை. ஒவ்வொரு தொகுதியும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற குறிப்புகளை அதற்குள்ளேயே பதித்தது. விக்கிப்பீடியா இன்னும் நல்ல உதாரணம். 2001 முதல் அங்கே சேமிக்கப்பட்டது விக்கிக் குறியீடு. திரைத் தோற்றம் அன்று. 2013இல் விஷுவல் எடிட்டரை எல்லோருக்கும் திறந்தபோது ஆங்கில விக்கியில் எதிர்ப்புக் கிளம்பி, அதைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. எடிட்டர் தடுமாறியது; கட்டுரைகளுக்கு அழிவு வரவில்லை, ஏனென்றால் உரை எடிட்டரைச் சார்ந்து இல்லை.

அப்படியானால் 2004இல் ஜான் குரூபர் தந்த, குறிகளைத் தட்டி வடிவமைக்கும் மார்க்டவுன் போதுமே, எடிட்டரே எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. நிரல் எழுதுபவர்களுக்கு அது போதும். ஊர்ச் செய்தி எழுத வரும் ஓர் ஆசிரியரிடமோ, மருந்துக் குறிப்பு எழுதும் செவிலியரிடமோ நட்சத்திரக் குறிகளை எண்ணச் சொல்வது, மொசைக் செய்த தவற்றைத் திரும்பச் செய்வதாகும். எழுதுபவர் கண்ணுக்குத் தெரிவதைத்தான் திருத்த விரும்புகிறார். அந்த விருப்பம் நியாயமானது. அதை மதிப்பதும் சேமிப்பைச் சீராக வைப்பதும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை.

புதிய எடிட்டர்களிலும் தமிழுக்குத் தீராத ஒரு சிக்கல் இருக்கிறது. யூனிகோடில் ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து குறி. ‘மூன்றாம் இடத்திலிருந்து தடித்தல்’ என்று ஓர் எடிட்டர் கணக்கிட்டால், மகரத்துக்கும் அதன் இகரக் குறிக்கும் நடுவே வெட்டு விழும்; குறி மட்டும் பிரிந்து புள்ளிவட்டத்தோடு நிற்கலாம். ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் ஒரு சொல் முடியும்வரை எழுத்துகள் உருமாறிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் எடிட்டர் திரையைத் திரும்ப வரைந்தால், தட்டியது இரட்டிக்கும் அல்லது தொலையும். ஆகவே செயலி கட்டுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எடிட்டரைத் தேர்ந்தெடுக்கும் முன் எவை அனுமதி என்ற பட்டியலை எழுதிவிடுங்கள், அந்தப் பட்டியலை சர்வரிலும் சரிபாருங்கள், பழைய வேர்டு கோப்பிலிருந்து பாமினிப் பத்தி ஒன்றை ஒட்டிப் பாருங்கள், ஆண்ட்ராய்டு கைபேசியில் தமிழ்99 விசைப்பலகையிலும் ஒலிபெயர்ப்பிலும் ஒரு பக்கம் முழுக்கத் தட்டிப் பாருங்கள். இவற்றில் தேறாத எடிட்டரை, பொத்தான்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும், தமிழர் எழுதப்போகும் செயலியில் சேர்க்காதீர்கள்.