வேதாளக் கதைகள் (அம்புலிமாமா)

வேதாளக் கதைகள் என்பது அம்புலிமாமா சிறுவர் இதழில் 1950களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் மாதந்தோறும் வெளிவந்த திகில் கதைத் தொடர் ஆகும். தோளில் பிணமும் கையில் உருவிய வாளுமாக விக்கிரமன் நடந்து செல்லும் இதன் தலைப்புப் படம் இந்தியச் சிறுவர் இதழ்களில் மிகப் பரவலாக அறியப்பட்ட ஓவியங்களுள் ஒன்று. இதனை வரைந்தவர் ஓவியர் சங்கர் என்கிற கே. சி. சிவசங்கரன் (சூலை 19, 1924 – செப்டம்பர் 29, 2020).

மூலக்கதை

காசுமீரத்தைச் சேர்ந்த சோமதேவர் 11ஆம் நூற்றாண்டில் இயற்றிய கதாசரித்சாகரம் என்னும் வடமொழி நூலில் வேதாளக் கதைகள் இடம்பெற்றுள்ளன. அதில் மன்னனின் பெயர் திரிவிக்கிரமசேனன். பிற்கால வழக்கில் அவன் உச்சயினி மன்னன் விக்கிரமாதித்தனாக மாறினான். துறவி ஒருவனுக்கு அளித்த வாக்கின்படி மன்னன் சுடுகாட்டு மரத்தில் தொங்கும் பிணத்தை இறக்கிச் சுமந்து வருகிறான். பிணத்தினுள் இருக்கும் வேதாளம் ஒரு கதை சொல்லி, இறுதியில் ஒரு கேள்வி கேட்கிறது. விடை தெரிந்தும் பேசாதிருந்தால் மன்னனின் தலை வெடித்துவிடும்; பேசினாலோ பிணம் மீண்டும் மரத்துக்குத் திரும்பிவிடும். தமிழ் வழக்கில் இம்மரம் முருங்கை. பழைய நிலைக்கே திரும்புபவரைப் பற்றி 'வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிட்டது' என்று கூறுவது இதனால்தான்.

மூலத்தில் கடைசிக் கதையின்போது துறவியின் வஞ்சகம் வெளிப்பட்டு, அவன் கொல்லப்படுகிறான். அம்புலிமாமாவில் அந்த முடிவு தள்ளிப்போடப்பட்டுக்கொண்டே இருந்தது. மூலக்கதைகள் தீர்ந்த பின்னர் ஆசிரியர் குழுவினர் அதே சட்டகத்துக்குள் புதிய கதைகளை எழுதிச் சேர்த்தனர். ஒவ்வோர் இதழிலும் தொடக்க வரிகளும் இறுதி வரிகளும் ஏறத்தாழ மாறாமலிருக்க, நடுவில் உள்ள கதை மட்டும் மாறியது.

படமும் எழுத்தும்

இத்தொடர் வழமையான பொருளில் வரைகதை அன்று. படங்களுக்குள் கட்டங்களோ பேச்சுக் குமிழ்களோ இல்லை. எழுத்து படத்துக்கு வெளியே நின்றது. இதற்கு ஒரு நடைமுறைப் பயனும் இருந்தது. நாகி ரெட்டியும் சக்கரபாணியும் 1947 சூலையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய இந்த இதழ், பின்னர் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட மொழிகளில் வெளிவந்தது. படத்தில் ஒரு கோட்டையும் மாற்றாமல் எழுத்தை மட்டும் அந்தந்த மொழியில் அச்சுக்கோத்தால் போதும். சென்னை வடபழனியில் வரையப்பட்ட ஒரே வேதாளத்தை இந்திச் சிறுவரும் ஒரியச் சிறுவரும் தத்தம் ஊர் வேதாளமாகவே எண்ணியது இவ்வாறுதான். 1972 முதல் வந்த முத்து காமிக்ஸ் போன்ற தமிழ் வரைகதை இதழ்கள், அயல்நாட்டுக் கதைகளின் குமிழ்களில் இருந்த எழுத்தை நீக்கித் தமிழில் எழுத வேண்டியிருந்தது.

அச்சம் முழுவதும் தலைப்புப் படத்திலும் தொடக்க வரிகளிலும்தான் உள்ளது எனலாம். வேதாளம் கூறும் கதைகள் பெரும்பாலும் நீதிச் சிக்கல்கள்: கொடையாளிகள் மூவரில் உயர்ந்தவர் யார், பிழை எவருடையது என்பன போன்றவை. மன்னன் முகத்திலும் அச்சம் காட்டப்படவில்லை. சிறுவர் இதழ் ஒன்றில் பிணமும் சுடுகாடும் மாதந்தோறும் இடம்பெற முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இதே காலத்தில் அமெரிக்காவில் நிலைமை நேர்மாறாக இருந்தது. 1954இல் பதிப்பாளர்கள் ஏற்படுத்திக்கொண்ட காமிக்ஸ் நெறிமுறை, நடமாடும் பிணங்களையும் இரத்தக் காட்டேரிகளையும் வரைகதைகளில் தடை செய்தது. 1971இல் அது தளர்த்தப்பட்டபோது, மறுமலர்ச்சி பெற்ற திகில் இதழ்களுக்கு ஓவியர்கள் தேவைப்பட்டனர். டிசி நிறுவனம் மணிலாவில் ஆள் தேடியது. அவ்வாறு சேர்ந்த பிலிப்பினிய மூத்த ஓவியர்களுள் ஒருவர் அல்பிரெடோ அல்காலா (1925–2000). சங்கரைவிட ஓராண்டே இளையவரான இவர் 1976இல் அமெரிக்காவில் குடியேறினார். சங்கர் சென்னையிலேயே இருந்தார்.

ஓவியர்

சங்கர் தாராபுரம் அருகே பிறந்தவர். 1934இல் குடும்பத்துடன் சென்னைக்கு வந்தார். தேவிபிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்த சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, கலைமகள் இதழில் பணியாற்றியபின் 1950களின் தொடக்கத்தில் அம்புலிமாமாவில் சேர்ந்தார். சித்ரா, வட்டாதி பாப்பையா ஆகியோர் அங்கு இவரது சக ஓவியர்கள். அவர்கள் மறைந்த பின்னரும் சங்கர் வரைந்துகொண்டிருந்தார்.

1998இல் நின்றுபோன இதழ் அடுத்த ஆண்டு மீண்டும் வெளிவந்தது. 2007இல் மும்பையைச் சேர்ந்த ஜியோடெசிக் நிறுவனம் இதனை வாங்கியது. 2013இல் இதழ் முற்றிலும் நின்றுபோனது. எண்பத்தைந்து வயதைக் கடந்த பின்னரும் சங்கர் இதற்கு வரைந்து வந்தார். பிறகு இராமகிருஷ்ண விஜயம் இதழுக்கு ஓவியங்கள் வரைந்தார்.

தாக்கம்

1985இல் தூர்தர்ஷனில் இராமானந்த சாகரின் 'விக்ரம் ஔர் பேத்தாள்' தொடர் ஒளிபரப்பானது. 2017இல் வெளியான விக்ரம் வேதா திரைப்படம், கதை சொல்லிக் கேள்வி கேட்கும் இதே அமைப்பைக் காவலருக்கும் குற்றவாளிக்கும் இடையில் பயன்படுத்தியது. தலைப்புப் படம் வரைந்தவர் பெயரின்றியே பல இடங்களில் மறுபதிப்புச் செய்யப்படுகிறது. சங்கருக்குப் பத்மசிறீ விருது அறிவிக்கப்பட்டது 2021 சனவரியில். அவர் இறந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன.